கல்கத்தாவின் இரு நீதிமன்றங்களும் ஆளுநர் குழுவின் கட்சிப்போரும்

1774 அக்டோபரில் கல்கத்தாத் துறையில் இரு குழுவினர் வந்திறங்கினர். ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அமைந்த ஆளுநர் குழுவின் புதிய உறுப்பினர்களான கிளேவரிங், மான்சன், பிலிப் பிரான்சிஸ் ஆகிய மூவர் ஒரு குழு. உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளான எலைஜா இம்பே, சேம்பர்ஸ், லெமேஸ்தர், ஹைட் ஆகிய நால்வர் மற்றொரு குழு. ஆளுநர் குழுவில் வாக்குகள் ஐந்தே. வாரன் ஹேஸ்டிங்ஸுக்குத் துணை நின்றவர் பார்வெல் ஒருவர் மட்டுமே. ஆகவே தலைமை ஆளுநர் தம் குழுவிலேயே சிறுபான்மையானார்.

1775 மார்ச்சில் மகாராஜா நந்தகுமார், ஹேஸ்டிங்ஸ் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் கையூட்டுப் பெற்றார் என்று குழுவின் முன் குற்றம் சாட்டினார். பெரும்பான்மையினர் அதை ஏற்று விசாரிக்க முற்பட்டனர். மே மாதத்தில் நந்தகுமாரே கைதானார். நீதிமன்றம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முற்பட்ட ஒரு கடன்பத்திரத்தைப் பொய்யாகப் புனைந்தார் என்பது வழக்கு. ஐரோப்பிய நடுவர் பன்னிருவர் அவரைக் குற்றவாளி என்றனர். ஆங்கிலச் சட்டப்படி அக்குற்றத்துக்குத் தண்டனை தூக்கு. வங்காள மக்களுக்கு அது பழக்கமில்லாத தண்டனை. ஆகஸ்ட் 5 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இம்பேயும் ஹேஸ்டிங்ஸும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளித் தோழர்கள். இதை வைத்தே மெக்காலே இம்பேயைக் கொலைஞராகத் தீட்டினார். 1885-இல் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதை மறுத்து நூல் எழுத, மறு ஆண்டே பெவரிட்ஜ் அதற்கு மறுப்பு எழுதினார். இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. மரணத்துக்கு முன் நந்தகுமார் கிளேவரிங்குக்கு ஒரு மனு அனுப்பினார். தூக்கு நிறைவேறிய பின், ஆகஸ்ட் 14 அன்றுதான் கிளேவரிங் அதைக் குழுவில் வைத்தார். நீதிபதிகளை அவதூறு செய்யும் அம்மனுவைத் தூக்கிலிடுபவன் கையாலேயே எரிக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் பிரான்சிஸ்! தம் கட்சிக்காகச் சாட்சி சொன்னவரைக் காக்க அம்மூவரும் ஒரு விரலையும் அசைக்கவில்லை.

1777 ஜூனில் நிலைமை இன்னும் வெளிப்படையாயிற்று. ஹேஸ்டிங்ஸ் பதவி விலகிவிட்டார் என்று கூறிக் கிளேவரிங் தாமே தலைமை ஆளுநர் என அறிவித்தார். இரு தரப்பினரும் நீதிபதிகளை நாடினர். பதவி காலியாகவில்லை என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். வங்காளத்தை ஆள்பவர் யார் என்பதையே நீதிமன்றம் முடிவுசெய்தது.

ஆயினும் நீதிமன்றம் ஹேஸ்டிங்ஸின் கைப்பாவை என்பது பொருந்தாது. 1779-இல் காசிநாத் பாபு என்பவர் மேதினிப்பூர்ப் பகுதியின் காசிஜோரா ராஜா மீது வழக்குத் தொடுத்தார். ராஜாவைப் பிடிக்க நீதிமன்றம் ஷெரீஃபின் ஆட்களை அனுப்பியது. நீதிமன்றத்துக்குப் பணியவேண்டாம் என்று ஜமீன்தார்களுக்கு அறிவித்திருந்த குழுவோ, கம்பெனிச் சிப்பாய்களை அனுப்பி அந்த ஆட்களையே சிறைப்பிடித்தது. வரிவசூலுக்கு ஆபத்து என்றதும் ஹேஸ்டிங்ஸும் பிரான்சிஸும் ஒரே பக்கம் நின்றனர்.

1780 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் வேறொரு வழி கண்டார். கம்பெனியின் மேல்முறையீட்டு மன்றமாகிய சதர் திவானி அதாலத்துக்கு இம்பேயையே தலைவராக்கினார். மாதம் 5,000 சிக்கா ரூபாய் ஊதியம். ஆண்டுக்கு 8,000 பவுன் அரசஊதியம் பெற்ற தலைமை நீதிபதி, குழு விரும்பும்வரை மட்டுமே நீடிக்கும் ஒரு பதவியில் அமர்ந்தார். குழுவைக் கட்டுப்படுத்தவே நாடாளுமன்றம் அனுப்பிய மனிதர் அவர். நந்தகுமார் வழக்கைவிட இந்த நியமனமே இம்பேயின் பெயருக்குக் கடுமையான களங்கம் எனலாம். முன்னதில் சதி நிறுவப்படவில்லை, பின்னதில் ஊதியம் பதிவாகியுள்ளது. அதாலத்துகளுக்கு அவர் வகுத்த நடைமுறை விதிகள் பயனுள்ளவை என்பதும் உண்மையே. பிரான்சிஸ் இந்நியமனத்தை எதிர்த்தார். ஆனால் ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸுடன் நடத்திய துப்பாக்கிச் சண்டையில் காயமுற்றிருந்த அவர், டிசம்பரில் கப்பலேறினார்.

1781-ஆம் ஆண்டுச் சட்டம் வரிவிவகாரங்களையும் குழுவின் அலுவல்சார் செயல்களையும் உச்ச நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. 1801-இல் சென்னையில் உச்ச நீதிமன்றம் திறக்கப்பட்டபோதும் இவ்வரம்புகள் உடன்வந்தன.

இம்பே திருப்பியழைக்கப்பட்டார். 1787-இல் கில்பர்ட் எலியட் அவர்மீது குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னிருந்து ஊக்கியவர் பிரான்சிஸ். தற்காப்பின்போது இம்பே, எரிக்கப்பட்ட அம்மனுவைப் பற்றிய குழுவின் நடவடிக்கையை அவையில் எடுத்துவைத்தார். கிளேவரிங்கின் பாதுகாப்புக்காகவே அவ்வாறு செய்ததாகப் பிரான்சிஸ் விளக்கினார். 1788 மே மாதத்தில் நந்தகுமார் குறித்த தீர்மானம் 55-க்கு 73 என்ற வாக்குகளில் தோற்றது.