வெறும் திறமை

தருமபுரிப் பக்கத்தில் சாலையோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்து ரம்மி ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் தலை தெரிந்தால் சீட்டு மறைந்துவிடும். அவருக்குத் துணை 1930-ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டம். அந்தச் சட்டமோ 'வெறும் திறமை'யால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்குத் தருகிறது. கலைத்துப் போட்ட சீட்டில் அதிருஷ்டம் கலக்காமல் இருக்குமா? 'வெறும்' என்பதையே பிடித்துக்கொண்டால் சதுரங்கந்தான் மிஞ்சும்!

ஹைதராபாத் சட்டத்திலும் இதே சொல் இருந்தது. செகந்தராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கில், 1967-ல், சுப்ரீம் கோர்ட்டு அதற்குப் பொருள் சொல்லிற்று: திறமை மேலோங்கி நின்றால் போதும். விழுந்த சீட்டை நினைவில் வைக்கவேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரியவேண்டும். ஆகவே ரம்மி திறமையாட்டம். மூன்று சீட்டு அப்படியல்ல. தீர்ப்பெழுதிய ஹிதாயதுல்லா சீட்டுக்கட்டை நன்றாக அறிந்தவராகவே எனக்குத் தோன்றுகிறது.

புளியமரத்தடியில் கிளப்பும் இல்லை, வக்கீலும் இல்லை. துண்டின்மேல் கிடப்பது ரம்மியா, மூன்று சீட்டா என்று அங்கே முதலில் தீர்ப்புச் சொல்கிறவர் போலீஸ்காரர்தான்.