262-க்கு 262

ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி ஒரு இடக்கை பிட்ச்சர். கண்ணாடி போட்ட, பெரிய உடம்பு என்று சொல்ல முடியாத பையன். 1957-இல் பள்ளி முடித்த கையோடு பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. காரணம் ஒன்றுதான்: வேகம். ஸ்கவுட்களின் கண் சொன்னது அது.

ஸ்கோர் நோட்டு வேறு கதை சொன்னது. முதல் கோடையில் கிங்ஸ்போர்ட் அணிக்கு 62 இன்னிங்ஸ். 121 ஸ்ட்ரைக் அவுட், 129 வாக். (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே நாலு பந்து போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம். அதுதான் வாக். நம்ம வைடுக்குப் பெரியண்ணன்.)

சரி, வேகத்தையாவது அளந்து பார்ப்போமே என்று 1958-இல் அபர்டீன் ராணுவச் சோதனைக் களத்துக்குக் கூட்டிப்போனார்கள். ரேடார் கன் மைதானங்களுக்கு வராத காலம். முந்தைய நாள் ஆட்டத்தில் வீசிய கை, மேடு இல்லாத சமதரை. பந்து கருவிக்குள் சரியாகப் போகவே ஏறக்குறைய 40 நிமிடம் ஆனது. கிடைத்தது மணிக்கு 93.5 மைல். அந்த எண்ணை வைத்து யார் என்ன முடிவுக்கு வருவது?

1960, ஸ்டாக்டன். 170 இன்னிங்ஸில் 262 ஸ்ட்ரைக் அவுட், 262 வாக். இந்தச் சமநிலையை எல்லோரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்துகிறது. ஸ்ட்ரைக் அவுட்டுக்குக் குறைந்தது மூன்று பந்து, வாக்குக்கு நான்கு. இவற்றுக்கு மட்டுமே 1,834 பந்துகள். உண்மையில் இன்னும் எவ்வளவோ கூட. அன்றைய ஸ்கோர் அட்டையில் பந்து எண்ணிக்கைக்கு இடமே கிடையாது. ஸ்கவுட் வேகத்தைப் பார்த்தார், கணக்கர் வாக்கை எழுதினார், முழங்கையை யாரும் எண்ணவில்லை.

1962-இல் எல்மைராவில் மேனேஜர் எர்ல் வீவர் வந்தார். இரண்டு வகைப் பந்து போதும், எல்லாப் பந்துக்கும் முழு பலம் வேண்டாம் என்றார். 160 இன்னிங்ஸ், 192 ஸ்ட்ரைக் அவுட், 114 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு 14 வாக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஆறரைக்கு இறங்கினார். முதல்முறையாகக் கண்ணும் கணக்கும் ஒரே ஆளைக் காட்டின.

1963 மார்ச்சில், மேஜர் லீக் அணியில் இடம் ஏறக்குறைய உறுதியான நேரத்தில், பயிற்சி ஆட்டமொன்றில் முழங்கை போனது. வேகம் திரும்பவில்லை. 2020 ஏப்ரலில் கோவிட்டில் இறந்தார். மேஜர் லீக்கில் அவர் வீசிய பந்துகள்: 0.