மாண்டிசோரி: ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த கல்வி

மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் "மாண்டிசோரி" என்ற சொல்லை இன்று சிறு நகரங்களில் கூடப் பார்க்கலாம். அது ஒரு பெண் மருத்துவரின் பெயர் என்பதும், அவர் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் பிறந்தார். 1896ல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், முதலில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வழிகளை ஆராய்ந்தார். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் "குழந்தைகள் இல்லம்" என்ற பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளே அங்கு முதல் மாணவர்கள்.

அங்கே குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசை, நாற்காலிகள் இருந்தன. எந்தப் பொருளை எடுப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி வடிவத்தைப் பழகும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியதை இது நினைவூட்டுகிறது அல்லவா?

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அங்கே சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி அளித்தார். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆயினர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டம் அடையாறு வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அவரது 70வது பிறந்தநாளன்று மகனை விடுவித்தது அரசு.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளுக்குக் கற்பித்து, தன் முறையை வளர்த்தார். 1946ல் ஐரோப்பா திரும்பினார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சுற்றுப்புறத்தை அப்படியே உள்வாங்குகிறது என்ற கருத்தை விளக்கும் அவரது புகழ்பெற்ற நூல், 1949ல் அடையாறில்தான் முதலில் வெளியானது. 1952 மே 6 அன்று அவர் மறைந்தார்.

ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த இம்முறை, பின்னர் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே உரியதானது. இந்தப் போக்கிற்கு மாறாக, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தோடு மாண்டிசோரியின் சிந்தனையும் அதில் கலந்திருந்தது. 2007ல் அது மாநிலம் முழுவதும் விரிந்து, புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்து அரசுப் பள்ளிகளையும் எட்டியது. அட்டைகளும் பாய்களும் வகுப்பறைக்கு வந்தன. சுவரின் கீழ்ப்பகுதி பிள்ளைகள் எழுதும் கரும்பலகை ஆனது.

ஆனால் அவை தொடக்கப் பள்ளிகள். அம்மையார் முக்கியம் என்று சொன்ன முதல் ஆறு ஆண்டுகளில், கூலி வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தை இருப்பது அங்கன்வாடியில். பெயர்ப்பலகையில் மாண்டிசோரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சான் லொரென்சோ குழந்தைகளுக்குக் கிடைத்தது அந்த அங்கன்வாடிக் குழந்தைக்கும் கிடைத்தால், அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை!