பதினான்கு முனை வெள்ளி

பெத்லகேம் பிறப்பு ஆலயத்துக்கு அடியில் ஒரு குகை. அங்கே பலிபீடத்தின் கீழே, மண்டியிட்டுக் குனிந்தால்தான் எட்டும் இடத்தில், பளிங்குத் தரையில் பதித்த வெள்ளி நட்சத்திரம். பதினான்கு முனை, நடுவே வட்டமாக ஒரு துளை. வருகிறவர்கள் அதில் கைவிட்டு அடியிலிருக்கும் பாறையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இயேசு பிறந்த இடம் அது என்பது நம்பிக்கை.

1717இல் இதைப் பதித்தவர்கள் கத்தோலிக்கர்கள். கன்னி மரியாளிடம் கிறிஸ்து இங்கே பிறந்தார் என்று எழுதியும் வைத்தார்கள். வாசகத்தில் யாருக்கும் மறுப்பில்லை. எழுதிய மொழி லத்தீன், அதுதான் உறுத்தல். மேலே பீடத்தில் பூசை வைப்பவர்கள் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குருக்களும் ஆர்மீனியர்களும். தன் வீட்டு வாசலில் பங்காளி பெயர்ப்பலகை மாட்டினால் யார்தான் சும்மா இருப்பார்?

1847 அக்டோபரில் நட்சத்திரத்தைக் காணோம். கத்தோலிக்கர்கள் கிரேக்கர்களைக் கைகாட்டினார்கள். உள்ளூர்ப் பஞ்சாயத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கத்தோலிக்கர்களுக்குப் பின்னால் பிரான்ஸ், கிரேக்கர்களுக்குப் பின்னால் ரஷ்யா. நடுவில் மாட்டிக்கொண்டவர் அன்று ஊரை ஆண்ட ஒட்டோமான் சுல்தான் அப்துல்மெஜித். இருக்கிறபடியே இருக்கட்டும் என்று 1852இல் ஃபர்மான் (அரசாணை) போட்டார். புது நட்சத்திரத்தைக் கொடுத்ததும் அவர்தான்: கிறிஸ்தவர்கள் சண்டைக்கு முஸ்லிம் மன்னரின் வெள்ளி! கூடவே ஆலயப் பெரிய கதவின் சாவி கத்தோலிக்கர் கைக்குப் போக, ரஷ்யா கொதித்தது. 1853இல் கிரீமியப் போர் தொடங்கிவிட்டது. நட்சத்திரத்தால் வந்த போர் என்பார்கள், மிகைதான். சுல்தானின் நிலத்தின் மேல் ரஷ்யாவுக்கு ஏற்கெனவே கண். ஆனாலும் சாக்கு இங்கே கிடைத்தது.

அந்த ஃபர்மான் ‘ஸ்டேட்டஸ் கோ’ என்ற பெயரில் இன்றும் செல்லுபடி. அதன்படி நட்சத்திரத்தைச் சுற்றி 15 விளக்குகள்: கிரேக்கருக்கு 6, ஆர்மீனியருக்கு 5, கத்தோலிக்கருக்கு 4. இங்கே ஓர் இடத்தைக் கூட்டிப் பெருக்குவதே அது தன்னுடையது என்பதற்குச் சாட்சி. 2011 டிசம்பரில் சுத்தம் செய்ய வந்த கிரேக்க, ஆர்மீனியத் துறவிகள் எல்லைத் தகராறில் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். பாலஸ்தீனப் போலீஸ் வந்து விலக்கிவிட்டது. கூரை ஒழுகியபோதும் நெடுங்காலம் அப்படியே விட்டிருந்தார்கள். பழுதுபார்த்தவருக்கே கூரையும் சொந்தமாகிவிடுமே! பாலஸ்தீன நிர்வாகம் முன்கை எடுத்த பிறகுதான், 2013இல், மூன்று தரப்பும் சம்மதித்து வேலை தொடங்கியது.

சுல்தான் தந்த நட்சத்திரத்தில் பொறித்திருக்கும் ஆண்டு மட்டும் 1717தான்.