விந்தணு அயன் கால்வாய்களும் பரம்பரை ஆண் மலட்டுத்தன்மையும்

விந்தணுவின் கலமென்சவ்வினூடாகக் கல்சியம், பொற்றாசியம், புரோத்தன் ஆகிய அயன்களைக் கடத்தும் புரதங்கள் விந்தணு அயன் கால்வாய்கள் எனப்படும். முதிர்ந்த விந்தணு புதிதாகப் புரதம் ஆக்குவது அரிது. முட்டையைச் சேரும்வரை அது கையிருப்பில் உள்ள புரதங்களைக் கொண்டே வேகத்தையும் திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே, கால்வாய்ப் புரதமொன்றின் பரம்பரையலகில் விகாரம் இருந்தால், வேறு நோய் எதுவும் இல்லாத ஆணுக்கும் பிள்ளைப்பேறு தடைப்படலாம்.

லீவன்ஹுக் 1677இல் நுணுக்குக்காட்டியில் விந்தணுவைக் கண்டார். பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சிறிது நேரம் தங்கிய பின்னரே விந்தணு கருக்கட்டும் திறனைப் பெறுகிறது என்பதை ஒஸ்டினும் சாங்கும் 1951இல் தனித்தனியே காட்டினர். அத்திறன் பெற்ற விந்தணுவின் வால் சாட்டைபோல் அகலமாக வீசுவதை 1970 அளவில் யானகிமாச்சி வெள்ளெலிகளில் விவரித்தார்.

2001இல் பொஸ்டனில் டேவிட் கிளாபமின் ஆய்வுகூடத்தில், டெஜியான் ரென் முதலியோர் ‘கட்ஸ்பர்’ எனப்படும் கல்சியக் கால்வாயை இனங்கண்டனர். பின்னைய ஆய்வுகளில் பெரும்பகுதி இதையே சுற்றி அமைந்தது. இக்கால்வாயின் பரம்பரையலகு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகள் நன்றாக உண்டன, வளர்ந்தன, இணைசேர்ந்தன. குட்டி மட்டும் பிறக்கவில்லை. அவற்றின் விந்தணுக்கள் நீந்தினாலும் முட்டையின் மேலுறையைத் துளைக்க முடியவில்லை. உறை அகற்றப்பட்ட முட்டைகளை அதே விந்தணுக்கள் கருக்கட்டின. குறை விந்தணுவின் சாட்டை வீச்சிலேயே இருந்தது என்பது இதனால் புலப்பட்டது. கால்வாயின் துளையை அமைக்கும் நான்கு புரதங்களில் (கட்ஸ்பர் 1 முதல் 4 வரை) ஒன்று இல்லாவிட்டாலும் கால்வாய் உருவாவதில்லை என்பதும், பல துணைப் புரதங்களும் தேவை என்பதும் பின்னர் தெரியவந்தன.

கால்வாயில் ஓடும் மின்னோட்டத்தை நேரடியாக அளப்பது எளிதாக இருக்கவில்லை. துடித்துக்கொண்டேயிருக்கும் சிறு கலத்தின் மென்சவ்வில் கண்ணாடி நுண்குழாயை இறுகப் பொருத்துவதே பெரும்பாடு. விந்தணுவில் எஞ்சியிருக்கும் குழியவுருத் துளியில் நுண்குழாயைப் பதித்து யூரி கிரிச்சொக் 2006இல் இதைச் சாதித்தார். இத்துறையின் அழகிய பரிசோதனைகளில் ஒன்றென இதைச் சொல்லலாம். முட்டையைச் சூழ்ந்த கலங்கள் சுரக்கும் புரொஜெஸ்தெரோன் மனித விந்தணுவின் கட்ஸ்பர் கால்வாயைத் திறப்பதை 2011இல் இரு குழுக்கள் ஒரே காலத்தில் வெளியிட்டன. சுண்டெலியில் இவ்விளைவு காணப்படவில்லை. சுண்டெலியில் கண்டதையெல்லாம் மனிதனுக்கு ஏற்றிச் சொல்ல இயலாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மனிதரில் இக்கால்வாயின் விகாரம் மலட்டுத்தன்மையுடன் தொடர்புடையது என்பதற்கான முதற் சான்று 2003இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் சகோதரர்களிடமிருந்து கிடைத்தது. கட்ஸ்பர் 2 பரம்பரையலகு 15ஆம் நிறமூர்த்தத்தில், செவிப்புலனுக்குத் தேவையான ஸ்டிரியோசிலின் பரம்பரையலகை அடுத்து இருக்கிறது. இவ்விடத்தின் துண்டொன்று இரு பிரதிகளிலும் விடுபட்டுப்போனால் ஆணுக்குக் காது மந்தமும் மலட்டுத்தன்மையும் ஒருங்கே வரும். அதே விடுபாடு உள்ள சகோதரிக்கோ காது மட்டுமே மந்தமாகும், பிள்ளைப்பேறு தடைப்படாது. 2007இல் ஈரானியக் குடும்பங்களில் இது தனி நோய்த்தொகுதியாக விவரிக்கப்பட்டது. கட்ஸ்பர் 1 விகாரங்கள் 2009இல் ஈரானின் உறவுமுறைத் திருமணக் குடும்பங்கள் இரண்டில் கண்டறியப்பட்டன. அவ்வாண்களின் சுக்கிலப் பாயத்தில் விந்தணு அசைவு குறைந்திருந்தது. பின்னர் ஆராயப்பட்ட சிலரிடம் எண்ணிக்கையும் அசைவும் வழமையாகவே இருந்தன. இவ்வேறுபாடு எதனால் என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

இவ்விகாரங்கள் பின்னிடைவானவை, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தால்தான் குறை வெளிப்படும். உறவுக்குள் மணமுடிக்கும் சமூகங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. உதாரணமாக, இலங்கையின் கிழக்கே கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையோரத்தில் தாய்வழிக் குடி முறை வழங்கிவருகிறது. ஒரே குடிக்குள் மணமுடிப்பது தவிர்க்கப்படுவதால் உம்மாவின் சகோதரி பிள்ளைகள் உடன்பிறப்புக்கு ஒப்பானவர்கள். மாமா மகளும் மாமி மகளும் மணமுறைக்குரிய மச்சாள்மார். குடி வேறாயினும் பரம்பரையியற் கணக்கு மாறுவதில்லை: மச்சாளை மணந்தாலும் உம்மாவின் சகோதரி மகளை மணந்தாலும், பிறக்கும் பிள்ளையிடம் ஒரு பரம்பரையலகின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வர 1/16 வாய்ப்பு உண்டு.

ஏனைய கால்வாய்கள் பற்றிய பதிவு மெலிந்தது. மனித விந்தணுவின் பொற்றாசியக் கால்வாய் ஸ்லோ 1 என 2013இல் ஒரு குழுவும், ஸ்லோ 3 என 2014இல் இன்னொரு குழுவும் வாதிட்டன. ஸ்லோ 3 பரம்பரையலகின் விகாரங்கள் மலட்டு ஆண்களிடம் 2022இல் பதிவாகின. சிஎஃப்டிஆர் எனும் குளோரைட்டுக் கால்வாயின் விகாரம் விந்து செல்லும் குழாயையே உருவாகாமல் செய்கிறது. விந்தணுவிலும் அதற்குப் பங்குண்டா என்பது விவாதத்துக்குரியது.

வழக்கமான சுக்கிலப் பரிசோதனை எண்ணிக்கை, அசைவு, உருவம் ஆகியவற்றையே பார்க்கிறது. கால்வாயின் பழுது அதில் அகப்படாமல் போகலாம். ‘காரணம் தெரியாத’ மலட்டுத்தன்மை எனக் குறிக்கப்பட்ட சிலர் இவ்வகையினரே என்பதை 2024இல் வெளியான ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர ஆய்வு காட்டியது. இத்தகையோருக்கு விந்தணுவைக் கருப்பையில் செலுத்துவதும், கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையுடன் சேர்த்து வைப்பதும் பலன் தருவதில்லை. விந்தணு ஒன்றை ஊசியால் முட்டைக்குள் நேரே செலுத்தும் இக்சி முறையில் துளைக்கும் வேலையே இல்லாததால் கருக்கட்டல் நிகழ்கிறது. அவ்வாறு பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தந்தையின் விகாரத்தை ஒரு பிரதியாகக் காவும். தாயும் காவியாயிருந்தால் மகனுக்கு அதே குறை வர இரண்டிலொரு வாய்ப்பு உண்டு.