பழைய பதிப்பும் புதிய மருந்தும்

பிழை மலிந்த நூலே தீங்கு செய்யும் என்று எண்ணுதல் இயல்பு. எழுதப்பட்ட காலத்தில் சரியாயிருந்த ஒரு மருத்துவ நூல், ஓரெழுத்தும் மாறாமலே ஆபத்தானதாய் ஆகிவிட்ட வரலாறும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகள் தத்தமக்கெனப் பாமக்கோப்பியா ஒன்றை, அதாவது மருந்துகளின் செய்முறையையும் வலிமையையும் வரையறுக்கும் அதிகார நூலை, வைத்திருந்தன. பெயர் ஒன்றாயினும் மருந்தின் வலிமை நாட்டுக்கு நாடு, செய்வோருக்குச் செய்வோர் வேறுபட்டது. 1880 இல் ஒல்லாந்தின் வின்ஸ்கோட்டன் நகரில் மேயர் என்னும் வைத்தியர் அக்கொனிற்றின் என்னும் மருந்தை எழுதிக் கொடுத்தார். அவர் கருதியது மென்மையான சரக்கு. மருந்தாளர் கொடுத்ததோ பிரான்சில் ஆக்கப்பட்ட, பன்மடங்கு வலிய சரக்கு. மருந்தின்மீது ஐயம் எழவே, அது தீங்கற்றதென்று காட்டுதற்கு வைத்தியர் தாமே அதனை அருந்தினார். சில மணி நேரத்தில் உயிர் நீத்தார்.

இத்தகைய வேறுபாடுகளை ஒழிக்கும் நோக்குடன் 1902 இல் பிரசல்ஸ் நகரில் பல நாட்டினரும் கூடினர். வலிய மருந்துகளின் அளவை ஒருமைப்படுத்தும் உடன்படிக்கை 1906 இல் கைச்சாத்திடப்பட்டது. நன்முயற்சியே, ஐயமில்லை. ஆயினும் புதியதோர் ஆபத்து அதனுள்ளேயே பிறந்தது.

ஸ்திரோபாந்தஸ் என்பது ஆபிரிக்கக் கொடி ஒன்றின் விதை. வேடர் தம் அம்புகளில் தடவிய நஞ்சு அதிலிருந்தே கிடைத்தது. லிவிங்ஸ்ரனுடன் சென்ற ஜோன் கேர்க் என்பாரின் பற்றூரிகையில் அந்நஞ்சு சிறிது படிந்துவிட, அவருடைய நாடி தளர்ந்ததாம்! எடின்பரோப் பேராசிரியர் தோமஸ் பிரேசர் அதனை ஆராய்ந்து, இதய நோய்க்கு மருந்தாக்கினார்.

பிரித்தானியப் பாமக்கோப்பியாவின் 1898 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இவ்விதையின் திங்சரில் நாற்பது பங்குக்கு ஒரு பங்கே விதை. உடன்படிக்கையைத் தழுவிய 1914 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது பத்துக்கு ஒன்றாயிற்று; பெயர் மாறவில்லை, வலிமை நான்கு மடங்காயிற்று. ஆகவே, முன்பு 5 முதல் 15 மினிம் வரை கொடுத்த மருந்தை இனி 2 முதல் 5 மினிம் வரையே கொடுத்தல் வேண்டும். பழைய நூலைப் பார்த்து 15 மினிம் எழுதும் வைத்தியருக்கும், புதிய நூலின்படி மருந்து செய்யும் மருந்தாளருக்கும் இடையில் நோயாளியின் இதயம் அகப்பட்டுக்கொள்ளும். இருவருள் எவரும் தம் நூலினின்று வழுவியவர் அல்லர்.

அப்பதிப்பு பேரரசு முழுவதற்குமென ஆக்கப்பெற்றது. இலங்கையும் அதனுள் அடங்கியது. வெளிவந்த ஆண்டோ உலகப்போர் மூண்ட ஆண்டு. வலிமை மாறிய மருந்துகளை அது தனியே எடுத்துக் காட்டியது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் இருந்தது புதிய நூலில். அதனைப் படித்தே ஆகவேண்டியவர் கையில் இருந்தது பழைய நூல்.