விண்கப்பலும் முத்துச் சலாபமும்

கப்பலில் வந்தவர்களைக் கரையில் நின்று பார்த்த மக்கள் நாம். 1560-ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். 1658-இல் ஒல்லாந்தரும், 1795-இல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்தனர். ஆதலால், அந்நிய உலகங்களை நாடிச் செல்லும் ஒரு கப்பலின் கதையை அக்கப்பலில் ஏறியோரின் கண்கொண்டு மட்டும் நாம் பார்த்தல் இயலாது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டெம்பர் 8-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தகையதொரு கதையாகும். ஜீன் ரொடன்பெரி உருவாக்கிய அத்தொடர், 79 அத்தியாயங்களோடு 1969-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும், மறு ஒளிபரப்பிலே புதிய இரசிகர்களைத் தேடிக்கொண்டு, 1979 முதல் திரைப்படங்களாகவும் 1987 முதல் புதிய தொடர்களாகவும் கிளைத்து, அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இத்துணைக் காலம் நிலைத்த ஒன்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் தகாது. நிறையும் குறையும் நிறுத்துப் பார்த்தலே முறை.

நிறையை முதலிற் கூறுவோம். கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக அமெரிக்க வீதிகளில் 1965-இல் அடியுண்டனர். அதற்கு மறு ஆண்டே அக்கப்பலின் தலைமைக் கூடத்திலே ஒரு கறுப்பினப் பெண் அதிகாரியாக அமர்ந்தாள். நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். அவரோடு அமர்ந்த ஜோர்ஜ் டக்கேய், ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்துக்காக, இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவராவார். பனிப்போர்க் காலமாயிருந்தும், 1967-இல் ருஷ்ய இளைஞன் ஒருவனும் அக்கூடத்திலே இடம்பெற்றான்.

இதனை எளிதாகக் கொள்ள நம்மால் இயலாது. 1990 ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் பேசியதும் நம் மொழியே. வலை வீசியதும் நம் கடலிலேயே. அண்டை வீட்டாரை இழந்து நின்ற மண்ணிலே, வேற்றுக் கிரகத்தானும் ஓரணியில் அமரும் காட்சி நம் மனச்சாட்சியைத் தொடாமற் போகுமா?

இனிக் குறை. 1967-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், ஒரு கிரகத்தின் சுரங்கத் தொழிலாளரைப் பாறை உயிர் ஒன்று கொன்று வருகிறது. உண்மையில் அது தன் முட்டைகளைக் காக்கும் தாய். பயனற்ற உருண்டைகள் எனக் கருதிச் சுரங்கத்தார் உடைத்தெறிந்தவை அம்முட்டைகளே. ‘அரக்கன்’ என்று அஞ்சப்பட்டதன் துயரை உணர்த்தும் இவ்விடம் தொடரின் உச்சங்களுள் ஒன்று. ஆனால் முடிவு யாது? குஞ்சுகள் பாறையைக் குடைந்து செல்லும். வெளிப்படும் தாதுவை மனிதர் அள்ளிச் செல்வர். சமாதானம் வந்தது, சுரங்கத்தார் செல்வரானார்கள்.

இந்த உடன்படிக்கையை நாம் முன்பே அறிவோம். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கு அப்பால் உள்ள முத்துப்பார்களிலே, கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்தோர் மூச்சடக்கி மூழ்கினர். ஆங்கிலேயர் ஆட்சியில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. உயிரைப் பணயம் வைத்தோர் பக்கம் எஞ்சியது ஒரு பங்கே. 1906-இல் அப்பார்கள் ஆங்கிலக் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. கரையில் வாழ்ந்தோரை எவரேனும் கேட்டனரா? அன்பு காட்டுதல் ஒன்று. பங்கு கொடுத்தல் வேறொன்று. முன்னதை அழகுறக் கற்பித்த தொடர், பின்னதைக் கேள்வியாக்காமலே கப்பலைத் திருப்பிக்கொண்டது.

வேறு குறைகளும் உள. வட இந்தியச் சீக்கியன் எனக் காட்டப்பட்ட கான் என்ற பாத்திரம் ஒரு கொடுங்கோலன். நடித்தவர் மெக்சிக்கோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். 1969 ஜூனில் ஒளிபரப்பான கடைசி அத்தியாயம், பெண் கப்பற்றலைவியாதல் இயலாது என்ற தொனியிலேயே முடிந்தது. பெண் கப்பற்றலைவி ஒருத்தியை நாயகியாகக் கொண்ட தொடர் தோன்ற 1995 வரை காத்திருக்க நேர்ந்தது. எனினும், தன் தவற்றைப் பிற்காலத்தே திருத்திக்கொள்ள முயன்றமையும் அத்தொடரின் நிறையிற் சேரத்தக்கதே.

நம் மாணவருக்கு இக்கதைகளை மறைக்க வேண்டியதில்லை, கேள்வியோடு கொடுப்போம். கப்பலில் யார் இருக்கிறார் என்று கேட்கப் பழகிய பிள்ளை, கரையில் யார் நிற்கிறார், கிடைத்ததில் அவர் பங்கு எவ்வளவு என்றும் கேட்கட்டும். மன்னார்க் கரையிலிருந்து ஒரு நாள் எழுதப்படும் தமிழ் அறிவியற் கதை, நீருக்குள் மூச்சடக்கியவனிடமிருந்து தொடங்கட்டும்.